கம்பி எட்டாத இடமும் கம்பியில்லா வலையும்

 

வீட்டுக்கு உறவினர் வந்தால், "வாங்க, உட்காருங்க, தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்பது நம் பண்பாடு. இந்நாளில் வந்தவர் தண்ணீர் வருவதற்கு முன்னால் வேறொன்றைக் கேட்கிறார்: "வைஃபை இருக்கா? பாஸ்வோர்டு என்ன?" பிள்ளைகள் ஓடிவந்து சொல்லிக் கொடுக்கிறார்கள். அலமாரியின் மேல் விளக்கு மின்ன உட்கார்ந்திருக்கும் அந்தச் சின்னப் பெட்டிக்கு மாதா மாதம் பணம் கட்டுபவர் தகப்பனார். பயன்படுத்துகிறவர்கள் பிள்ளைகள். அது எங்கிருந்து வந்தது, என்ன வேலை செய்கிறது என்று கேட்டால் இரு தரப்பாரும் விழிப்பார்கள்.

ரயிலுக்கும் வானொலிக்கும் வரலாறு இருப்பது போலவே இந்த ரூட்டர் பெட்டிக்கும் ஒரு வரலாறு உண்டு. அதைப் படித்தால் ஓர் உண்மை விளங்கும். கம்பி இழுக்க முடியாத இடத்தில் இருந்தவர்களுக்காகத்தான் கம்பியில்லா வலை முதன்முதலில் பிறந்தது. ஆனால் இன்றோ, நல்ல கம்பி வந்து சேர்ந்த வீட்டில்தான் அது நன்றாக ஓடுகிறது. கம்பி வராத வீடு இன்னமும் காத்துக் கிடக்கிறது. இந்த முரண்பாடு எப்படி வந்தது, அதற்கு நாம் என்ன செய்யலாம் என்று சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கடலடிக் கம்பியும் மலாயாக் காடும்

முதலில் கம்பியின் கதையைப் பார்ப்போம். தந்தி முறை 19-ஆம் நூற்றாண்டில் பரவியது. தரையில் கம்பம் நட்டுக் கம்பி இழுத்துவிடலாம். கடலுக்கு அடியில் எப்படிப் போடுவது? உப்புத் தண்ணீர் பட்டால் மின்சாரம் கசிந்துவிடுமே! கம்பியின் மேல் தண்ணீர் புகாத ஓர் உறை வேண்டும். அந்த உறைக்கு வேண்டிய பொருள் எங்கே கிடைத்தது தெரியுமா? நம் மலாயாக் காட்டில்தான்.

கட்டாபெர்ச்சா என்பது இங்குள்ள ஒரு காட்டு மரத்தின் பால். மலாய்க்காரர்கள் அதைக் கொண்டு பாராங் கத்திக்குப் பிடி செய்து வந்தார்கள். சிங்கப்பூரில் மருத்துவராக இருந்த வில்லியம் மாண்ட்கோமரி 1843-இல் அதன் மாதிரியை இலண்டனுக்கு அனுப்பினார். 1851-இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே கடலடியில் போட்ட தந்திக் கம்பிக்கு அந்தப் பால்தான் உறை. அதன் பின் உலகக் கடல்களில் கிடந்த தந்திக் கம்பிகளுக்கெல்லாம் நெடுங்காலம் அதுவே உறையாயிற்று. சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கடலடிக் கம்பி வந்தது 1870, 1871-ஆம் ஆண்டுகளில். நம் முன்னோர்கள் கப்பலில் பல நாள் மிதந்து கடந்த அதே கடலைச் செய்தி சில நிமிடங்களில் கடந்தது.

ரப்பர் மரத்தை நாம் கீறிப் பால் எடுக்கிறோம். மரம் பிழைத்துக்கொள்கிறது. கட்டாபெர்ச்சா மரம் அப்படியல்ல. மரத்தையே வெட்டிச் சாய்த்துப் பால் எடுத்தார்கள். உலகம் பேசிக்கொள்வதற்காக நம் காடு தன் மரங்களைக் கொடுத்தது. ஆனால் அந்தக் கம்பி காட்டுக்குள் வரவில்லை. துறைமுகத்தோடும் பட்டணத்தோடும் நின்றுவிட்டது. இந்த வழக்கத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னாலும் இதையே பார்க்கப் போகிறோம்.

அலையைக் கண்ட அறிஞர்கள்

கம்பியே இல்லாமல் செய்தி போகுமா? போகும் என்று கணக்குப் போட்டுக் காட்டியவர் ஸ்காட்லாந்து நாட்டு அறிஞர் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல். மின்சாரமும் காந்தமும் சேர்ந்த அலை வெளியில் ஓடும் என்று 1865-இல் வெளியான கட்டுரையில் எழுதினார். ஜெர்மனியில் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் 1887, 1888-ஆம் ஆண்டுகளில் அந்த அலையை உண்டாக்கியே காட்டினார். இன்று ரூட்டர் பெட்டியில் "2.4 கிகாஹெர்ட்ஸ்" என்று இருக்கிறதே, அந்த "ஹெர்ட்ஸ்" இவருடைய பெயர்தான்.

கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் 1895-இல் பலர் முன்னிலையில் ஒரு சோதனை நடத்தினார். ஓரிடத்திலிருந்து அனுப்பிய அலை சுவரைத் தாண்டிப் போய் மணியை அடித்தது. வெடிமருந்தைப் பற்ற வைத்தது. கம்பி கிடையாது, கயிறு கிடையாது. பார்த்தவர்கள் வியந்து போனார்கள். இன்று கூடத்திலிருந்து சுவரைத் தாண்டிப் படுக்கை அறைக்கு வருகிற வைஃபையும் அதே இனத்து அலைதான். பிறகு 1901 டிசம்பரில் மார்க்கோனி அட்லாண்டிக் பெருங்கடலைத் தாண்டிச் செய்தி அனுப்பினார். அதன் பின் கப்பல்களுக்குக் கம்பியில்லாத் தந்தி வந்தது. வீடுகளுக்கு வானொலி வந்தது.

ஆனால் வானொலியில் ஒருவர் பேச, ஆயிரம் பேர் கேட்கலாம். ஆயிரம் பேரும் திருப்பிப் பேச முடியுமா? அந்தக் கேள்விக்கு விடை கிடைக்க இன்னும் 70 ஆண்டுகள் ஆயின.

தீவுகளுக்காகப் பிறந்த வலை

பசிபிக் பெருங்கடலின் நடுவில் ஹவாய்த் தீவுகள் இருக்கின்றன. அங்கும் நம் நாட்டைப் போலவே தோட்டங்கள் உண்டு. கரும்பும் அன்னாசியும் பயிரிட்டார்கள். பல நாடுகளிலிருந்து கூலிக்கு ஆட்கள் போனார்கள். ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் பெரிய கணினி ஓவாஹு தீவில் இருந்தது. கிளைக் கல்லூரிகளோ மற்றத் தீவுகளிலும் இருந்தன. நடுவில் கடல். தொலைபேசிக் கம்பிக்குக் கட்டணம் அதிகம். அதை நம்பவும் முடியாது.

பேராசிரியர் நார்மன் ஆப்ராம்சன் என்பவரும் அவருடைய தோழர்களும் 1968-இல் வேலையைத் தொடங்கி, 1971 ஜூன் மாதத்தில் கணினிகளை வானொலி அலையால் இணைத்துக் காட்டினார்கள். அதற்கு "அலோஹா வலை" என்று பெயர். அலோஹா என்பது ஹவாய் மக்கள் ஒருவரை ஒருவர் வாழ்த்திக்கொள்ளும் சொல், நம் வணக்கம் போல.

அவர்கள் கண்ட வழி மிக எளிது. எல்லோருக்கும் ஒரே அலைவரிசை. யார் வேண்டுமானாலும் சின்னச் சின்னத் துண்டுகளாகச் செய்தியை அனுப்பலாம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் அனுப்பினால் இரண்டும் மோதிக் கெட்டுவிடும். அப்போது என்ன செய்வது? "வந்து சேர்ந்தது" என்ற பதில் வராவிட்டால் கொஞ்ச நேரம் பொறுத்திருந்து மறுபடி அனுப்ப வேண்டும். எவ்வளவு நேரம் பொறுப்பது என்பதைக் குலுக்கல் சீட்டு எடுப்பதுபோல அவரவர் கணினியே முடிவு செய்யும். இருவர் பொறுக்கும் நேரமும் வேறு வேறாக இருக்கும். ஆகவே மறுபடி மோதிக்கொள்வது அரிது.

கலியாண வீட்டில் இரண்டு பேர் ஒன்றாகப் பேச்செடுத்தால் என்ன நடக்கிறது? இருவரும் நிறுத்துகிறார்கள். "நீங்க சொல்லுங்க." "இல்ல, நீங்களே சொல்லுங்க." ஒருவர் முந்திக்கொள்கிறார், பேச்சு தொடர்கிறது. கணினிகளுக்கு அந்த மரியாதையைக் கற்றுக் கொடுத்ததுதான் அலோஹா. இதைப் படித்து மேலும் திருத்திய ராபர்ட் மெட்காஃப் 1973-இல் ஈதர்நெட் என்னும் கம்பி வலைக்கு வித்திட்டார். அதைப் போலவே பிற்காலத்தில் வந்த வைஃபையும், பேசுவதற்கு முன்னால் வேறு யாராவது பேசுகிறார்களா என்று காது கொடுத்துக் கேட்கிறது. முதலில் கேள், பிறகு பேசு. பிள்ளைகளுக்கு நாம் சொல்லும் அதே புத்திமதி!

ஆப்ராம்சன் 2020 டிசம்பரில் தம் 88-ஆம் வயதில் காலமானார். உலகத்துப் பிள்ளைகள் வீட்டில் இருந்தபடியே கம்பியில்லா வலையில் பாடம் படித்த ஆண்டு அது.

உரிமச் சீட்டு வேண்டாத அலை

அலை இருந்தால் மட்டும் போதாது; அதைப் பயன்படுத்த அனுமதி வேண்டும். ஒவ்வொரு நாட்டிலும் அரசாங்கம் அலைவரிசைகளைப் பங்கு போட்டுக் கொடுக்கிறது. இது வானொலிக்கு, இது போலீசுக்கு, இது விமானத்துக்கு என்று உரிமம் தருகிறது. 1985-இல் அமெரிக்க அரசின் தொடர்பு ஆணையம் ஒரு புதிய விதி செய்தது. சில அலைவரிசைகளில், சக்தி குறைவாகவும் விதிக்கு உட்பட்டும் இருந்தால், தனி உரிமம் இல்லாமலே கருவிகள் பேசிக்கொள்ளலாம் என்றது. அவற்றில் ஒன்றுதான் 2.4 கிகாஹெர்ட்ஸ். மைக்ரோவேவ் அடுப்பு வேலை செய்யும் இடமும் அதுதான். "அங்கே எப்படியும் இரைச்சல், யாரும் வாங்க மாட்டார்கள்" என்று பலரால் ஒதுக்கப்பட்ட மூலை அது. புறம்போக்கு நிலம் போலக் கிடந்த அந்த இடத்தில்தான் இன்று உலகமே குடியிருக்கிறது.

அதை முதலில் பயன்படுத்தத் துணிந்தவர்களில் கடைக் கல்லாப்பெட்டி செய்யும் நிறுவனமான என்.சி.ஆர். ஒன்று. கடைக்காரர் சாமான்களை இடம் மாற்றும்போதெல்லாம் கல்லாப்பெட்டிக்குக் கம்பியை மாற்றிப் போட வேண்டியிருந்தது. அந்தத் தொல்லையைப் போக்க, நெதர்லாந்தில் இருந்த அந்நிறுவனத்தின் பொறியாளர்கள் கம்பியில்லாக் கருவி செய்தார்கள். அவர்களில் ஒருவரான விக் ஹேய்ஸ், எல்லா நிறுவனங்களின் கருவியும் ஒன்றோடொன்று பேச ஒரே பொது விதி வேண்டும் என்று 1990 முதல் பத்தாண்டுகள் ஒரு குழுவைத் தலைமை தாங்கி நடத்தினார். 1997-இல் முதல் விதி வந்தது. வேகம் விநாடிக்கு 2 மெகாபிட். 1999-இல் அது 11 மெகாபிட் ஆயிற்று.

ஆஸ்திரேலியாவுக்கும் இதில் பங்குண்டு. அலை சுவரிலும் மேசையிலும் பட்டு எதிரொலிக்கும். மலைக் குகையில் கத்தினால் பல குரல் கேட்பதுபோல் செய்தி குழம்பும். வானொலி அலைகளைக் கொண்டு விண்வெளியை ஆராய்ந்த ஜான் ஓ'சல்லிவனும் அவருடைய தோழர்களும், அந்தக் கணக்கறிவைக் கொண்டு இந்தக் குழப்பத்தைத் தீர்க்க வழி கண்டார்கள். அவர்கள் வேலை செய்த அரசாங்க ஆராய்ச்சி நிலையம் 1996-இல் அதற்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றது. வானத்தைப் பார்த்தவர்கள் கண்ட கணக்கு நம் வீட்டுக் கூடத்துக்கு உதவியது. படிப்பில் எது எங்கே பயன்படும் என்று யாரால் சொல்ல முடியும்? "இந்தக் கணக்கெல்லாம் எதுக்கு சார்?" என்று கேட்கும் மாணவர்கள் இதை மறக்க வேண்டாம்.

"வைஃபை" என்னும் பெயர் வந்ததும் 1999-இல்தான். அது எந்தச் சொற்றொடரின் சுருக்கமும் அல்ல. வாயில் எளிதாக நுழையட்டும் என்று ஒரு நிறுவனத்திடம் சொல்லி வைத்த பெயர். அதே ஆண்டு ஜூலையில் ஆப்பிள் நிறுவனம் கம்பியில்லா வலை வசதியுள்ள மடிக்கணினியை மேடையில் காட்டியது. கம்பி எதுவும் இல்லை என்று நிரூபிக்க, ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு வளையத்துக்குள் அந்தக் கணினியை நுழைத்துக் காட்டினார், வித்தைக்காரர் செய்வது போல!

நம் நாட்டுக்கு வந்த கதை

மலேசியாவில் ஜாரிங் என்னும் இணையச் சேவையை மிமோஸ் நிறுவனம் 1992-இல் தொடங்கியது. 1996-இல் டி.எம்.நெட் வந்தது. அந்தக் காலத்தை நினைவிருக்கிறதா? தொலைபேசிக் கம்பியைக் கணினியில் மாட்டினால் கீச்சுக் கீச்சென்று சத்தம் வரும். யாராவது ரிசீவரை எடுத்துவிட்டால், "ஐயோ, லைன் போச்சே!" என்று உள்ளிருந்து கூச்சல் வரும். மிஞ்சிப் போனால் வேகம் விநாடிக்கு 56 கிலோபிட்.

கம்பி வந்தால் போதுமா, அதில் தமிழும் வர வேண்டாமா? மலேசியாவின் முத்து நெடுமாறன் 1980-களிலேயே முரசு செயலி மூலம் கணினியில் தமிழ் எழுத்துகளை ஏற்றும் வேலையில் இறங்கிவிட்டார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் உழைப்பால் 1995-இல் அந்நாட்டுக் கவிதைகளின் இணையப் பக்கத்தில் தமிழும் இடம் பெற்றது. நம் வட்டாரத்துத் தமிழர்கள் இதில் பின்வரிசையில் நிற்கவில்லை என்பதைப் பிள்ளைகள் பெருமையோடு அறிந்துகொள்ள வேண்டும்.

2001-இல் டெலிகோம் மலேசியா ஸ்ட்ரீமிக்ஸ் என்னும் அகண்ட அலைவரிசைச் சேவையைக் கொண்டு வந்தது. பழைய செம்புத் தொலைபேசிக் கம்பியிலேயே பேச்சும் இணையமும் ஒன்றாக ஓடின. 384 கிலோபிட், 512 கிலோபிட், 1 மெகாபிட் என்று திட்டங்கள் இருந்தன. இங்கே ஒரு வேடிக்கையைப் பாருங்கள். வீட்டுக்குள் வைஃபையின் வேகம் 11 மெகாபிட். வாசலுக்கு வரும் கம்பியின் வேகம் 384 கிலோபிட். ஏறக்குறைய 28 மடங்கு வித்தியாசம்! வீட்டுக்குள் பெருஞ்சாலை, வாசலில் ஒற்றையடிப் பாதை.

செம்புக் கம்பிக்கு இன்னொரு குறையும் உண்டு. தொலைபேசி நிலையத்திலிருந்து தூரம் கூடக் கூட வேகம் குறையும். ஏறக்குறைய 5 கிலோமீட்டருக்கு அப்பால் சேவையே கிடைப்பது அரிது. தொலைபேசி நிலையம் எங்கே இருந்தது? பட்டணத்தில். தோட்டம் எங்கே இருந்தது? செம்மண் சாலையில் உள்ளே, பல கட்டை தூரத்தில். பணம் கட்டத் தயாராக இருந்தும் "உங்க இடத்துக்கு லைன் இல்லை" என்ற பதிலைக் கேட்டுத் திரும்பிய தோட்டத்துக் குடும்பங்கள் எத்தனையோ. துறைமுகத்தோடு நின்ற தந்திக் கம்பியின் வழக்கம் 130 ஆண்டுக்குப் பிறகும் மாறவில்லை.

2010 மார்ச்சில் யூனிஃபை வந்தது. இது செம்பு அல்ல. தலைமுடி போன்ற கண்ணாடி இழை. அதற்குள் ஒளி ஓடும். சுத்தமான கண்ணாடி கிடைத்தால் ஒளி வழியே நெடுந்தூரம் செய்தி அனுப்பலாம் என்று 1966-இல் எழுதிய சார்லஸ் காவ், ஷங்காயில் பிறந்தவர். 2009-இல் நோபெல் பரிசு பெற்றார். கண்ணாடி இழையில் 10, 20 கிலோமீட்டர் தூரம் ஒரு பொருட்டே அல்ல. ஆகவே "தோட்டம் தூரம்" என்ற பழைய காரணம் அன்றே செத்துவிட்டது. இன்று இழை வராவிட்டால், அதற்குக் காரணம் தூரம் அல்ல. போடுவதற்கு ஆகும் செலவும் போட வேண்டும் என்ற எண்ணமும்தான்.

ஒரு விலாசம், பல பிள்ளைகள்

இனி அந்தப் பெட்டியின் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். இணையத்தில் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் விலாசம் வேண்டும். பழைய முறையில் இருந்த விலாசங்கள் மொத்தம் ஏறக்குறைய 430 கோடி. உலக மக்கள்தொகைக்கே அது போதாது. 1990-களின் தொடக்கத்திலேயே இந்தக் கவலை வந்துவிட்டது. 1994-இல் ஒரு வழி எழுதி வெளியிட்டார்கள். வீட்டுக்கு ஒரே ஒரு வெளி விலாசம். வீட்டுக்குள் எத்தனை கருவி இருந்தாலும் உள் எண் கொடுத்துக்கொள்ளலாம்.

தோட்டத்துக்குக் கடிதம் எப்படி வந்தது? உறையின் மேல் தோட்டத்தின் பெயர்தான் முக்கியம். எல்லாக் கடிதமும் ஆபீசுக்கு வரும். "இது மூணாம் லயத்து வீட்டுக்கு, இது கோயில் பக்கத்து வீட்டுக்கு" என்று கிராணி பிரித்துக் கொடுப்பார். ரூட்டர் செய்வது அந்தக் கிராணியின் வேலைதான். அப்பா கேட்ட செய்தி அப்பாவின் கைப்பேசிக்கு, தங்கை கேட்ட பாடம் தங்கையின் கணினிக்கு என்று பிரித்துக் கொடுக்கிறது. ஒரு கம்பியை வீடே பங்கு போட்டுக்கொள்வது இப்படித்தான்.

பூட்டின் கதை

அலைக்கு வேலி கிடையாது. நம் வீட்டு வைஃபை பக்கத்து வீட்டுக்கும் போகும். ஆகவே பூட்டு வேண்டும். தொடக்கத்தில் வந்த "வெப்" என்ற பூட்டை 2001-இல் கணித அறிஞர்கள் மூவர் ஆராய்ந்து, அது எளிதில் உடையும் என்று காட்டிவிட்டார்கள். பிறகு 2003-இல் "டபிள்யூ.பி.ஏ.", 2004-இல் அதன் இரண்டாம் வகை, 2018-இல் மூன்றாம் வகை என்று பூட்டுகள் வலுவடைந்து வந்தன. பழைய பெட்டியைத் தூசி தட்டி மறுபடி மாட்டுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். துருப்பிடித்த பூட்டைத் தொங்கவிட்டுவிட்டு வீடு பத்திரம் என்று நினைக்கலாமா?

பெட்டியை மாட்டும் முறை

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். ஆகவே இந்த வரலாற்றிலிருந்து வீட்டுக்குப் பயன்படும் சில செய்திகளைச் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, கம்பியும் அலையும் வேறு வேறு. கண்ணாடி இழை முதலில் நிறுவனத்தார் சுவரில் மாட்டும் பெட்டிக்கு வருகிறது. அதிலிருந்து ஒரு கம்பி ரூட்டருக்குப் போகிறது. ரூட்டரின் பின்னால் தனியாகவோ வேறு நிறத்திலோ இருக்கும் துளையில்தான் அதைச் செருக வேண்டும். சில வீடுகளில் இரண்டும் ஒரே பெட்டியாக இருக்கும். நிறுவனத்தார் கொடுக்கும் பயனர் பெயரும் இரகசியச் சொல்லும் உள்ள தாளைச் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாலும் சரி, தொலைத்துவிடாதீர்கள்.

இரண்டாவது, வைக்கும் இடம். விளக்கை வீட்டின் நடுவே உயரத்தில் மாட்டுவது போல ரூட்டரையும் வையுங்கள். இரும்பு அலமாரிக்குள் வைத்தால் அலை உள்ளேயே அடைபடும். தகரத் தடுப்பு, தண்ணீர்த் தொட்டி, மீன் தொட்டி, மைக்ரோவேவ் அடுப்பு ஆகியவற்றின் பக்கத்தில் வேண்டாம். "அழகா இல்லையே" என்று அம்மா தொலைக்காட்சிக்குப் பின்னால் மறைத்து வைத்தால், பிள்ளைகளின் பாடமும் மறைந்துபோகும்.

மூன்றாவது, பல பெட்டிகளில் இரண்டு அலைவரிசை இருக்கும். 2.4 மெதுவானது, ஆனால் சுவரைத் தாண்டித் தூரம் போகும். 5 வேகமானது, ஆனால் சுவர் வந்தால் சோர்ந்துவிடும். பக்கத்தில் இருப்பவருக்கு 5. கடைசி அறையில் இருப்பவருக்கு 2.4.

நான்காவது, பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் இரகசியச் சொல்லை மாற்றிவிடுங்கள். வைஃபை சொல் ஒன்று, பெட்டிக்குள் நுழைந்து திருத்தும் சொல் இன்னொன்று; இரண்டையும் மாற்ற வேண்டும். பூட்டில் இரண்டாம் வகையோ மூன்றாம் வகையோ இருக்கட்டும். பிள்ளையின் பெயரும் பிறந்த ஆண்டும் இரகசியச் சொல் ஆகாது. அது ஊருக்கே தெரியும்.

ஐந்தாவது, "காசு கட்டுறோம், லைன் மெதுவா இருக்கே!" என்று கோபப்படும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். கணினியைக் கம்பியால் நேராக ரூட்டரில் இணைத்துப் பாருங்கள். அப்போது வேகம் வந்தால் குறை வீட்டுக்குள் இருக்கும் அலையில். அப்போதும் வராவிட்டால் குறை வாசலுக்கு வரும் கம்பியில். முதல் குறையை நாமே திருத்தலாம். இரண்டாவதற்கு நிறுவனத்தாரிடம் முறையிட வேண்டும். எது யார் குறை என்று தெரிந்து பேசுகிறவன் பேச்சுக்கு மதிப்பு அதிகம்.

இனி நாம் செய்ய வேண்டியது

2020 மார்ச் 18-ஆம் நாள் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. பாடம் கைப்பேசிக்குள் போயிற்று. ஒரே கைப்பேசியை மூன்று பிள்ளைகள் மாற்றி மாற்றிப் பார்த்த வீடுகள் உண்டு. அப்பா வேலை முடிந்து கைப்பேசியோடு திரும்பும்வரை காத்திருந்து, இரவில் வீட்டுப்பாடம் அனுப்பிய பிள்ளைகள் உண்டு. சபாவில் ஒரு பல்கலைக்கழக மாணவி தேர்வு எழுதுவதற்காக மரத்தின் மேல் ஏறி உட்கார்ந்ததை நாடே பார்த்தது. படிக்க மனம் இருந்தது, பாடமும் இருந்தது. நடுவில் வழி மட்டும் இல்லை.

அந்த ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அரசாங்கம் ஜெண்டேலா என்னும் திட்டத்தை அறிவித்தது. கண்ணாடி இழையைப் பரப்புவதும் 4ஜி சேவையை விரிவாக்குவதும் அதன் நோக்கம். 2021 இறுதியில் 3ஜி சேவை நிறுத்தப்பட்டது. 2023-இல் துணைக்கோளம் வழியாக இணையம் பெறும் ஸ்டார்லிங்க் சேவையும் மலேசியாவுக்கு வந்தது. சிம் அட்டை போடும் ரூட்டரும் கிடைக்கிறது. கம்பி எட்டாத இடத்துக்கு இப்படிச் சில வழிகள் உண்டு. ஆனாலும் ஒரு லயத்து வீடுகள் முழுவதும், எல்லாப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் படிக்க வேண்டுமானால், கண்ணாடி இழைக்கு நிகர் வேறில்லை.

பெற்றோர்களே! தோட்டம் தனியார் நிலம். அதற்குள் கம்பி போட நிர்வாகத்தின் இசைவு வேண்டும். நிறுவனத்தாரோ, வாடிக்கையாளர் எத்தனை பேர் என்று பார்ப்பார்கள். ஒருவர் தனியாகப் போய்க் கேட்டால் ஒரு வீட்டுக்காக யாரும் இழை இழுக்க மாட்டார்கள். நாற்பது வீட்டார் கையெழுத்திட்டுக் கேட்டால் கணக்கு மாறும். ஆகவே தோட்டத்துத் தலைவர்களும், பெற்றோர் ஆசிரியர் சங்கமும், தொழிற்சங்கமும் சேர்ந்து மனு எழுத வேண்டும். ஒரு பிரதி நிர்வாகத்துக்கு, ஒன்று சேவை நிறுவனத்துக்கு, ஒன்று மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்துக்கு. தோட்டத் தொழிலாளர் வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீரும் மின்சாரமும் வேண்டும் என்று 1990-இல் சட்டம் வந்தது. அதுவும் பல ஆண்டு பலர் கேட்டுக் கேட்டு வந்ததுதான். அந்தச் சட்டம் வந்தபோது நம் வீடுகளில் இணையம் என்ற பேச்சே கிடையாது. இன்று தண்ணீர், விளக்கு, இணையம் மூன்றும் பிள்ளையின் படிப்புக்கு வேண்டியவை.

மாணவச் செல்வங்களே! உங்கள் வீட்டுப் பெட்டியில் மின்னும் விளக்குக்குப் பின்னால் மேக்ஸ்வெல்லின் கணக்கும், போஸின் மணியோசையும், ஹவாய்த் தீவுக்காரர்களின் பொறுமையும், உங்கள் பெற்றோரின் உழைப்பும் இருக்கின்றன. அதை விளையாட்டுக்கு மட்டும் செலவழித்தால் நட்டம் உங்களுக்கே. இணைப்பு இல்லாத தோழன் பக்கத்து வீட்டில் இருந்தால், அவனையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் படியுங்கள். ஒரே அலையை எல்லோரும் பகிர்ந்துகொள்ளலாம் என்பதுதான் அலோஹா நமக்குச் சொன்ன முதல் பாடம்.

பரிசு பெறும் மாணவர்களுக்கும், அடுத்த ஆண்டு பரிசு பெறப்போகும் மாணவர்களுக்கும் என் நல்வாழ்த்துகள்.